ஹார்லன் துப்பாக்கிக்குக் கண் இருந்ததா?

கையில் துப்பாக்கியோடு நுழைகிறவனைப் பார்த்துச் சிரித்து, "சாப்பாடு இடது பக்கம், கழிவறை வலது பக்கம்" என்று வழி சொல்லி அனுப்புகிற இடம் துப்பாக்கிச் சந்தை ஒன்றுதான். விஸ்கான்சினில், எல்க் பிரெய்ரி பொருட்காட்சி மைதானத்து மாட்டுக் கொட்டகையில், ஒவ்வொரு மார்ச்சும் அது கூடும். கோடையில் பரிசு மாடுகள் நின்ற தரையில் இப்போது முந்நூறு மேசை. மாடுகள் போய் ஏழு மாதமாகியும் வாசனை காலி செய்யவில்லை.

வாசலில் இருந்த கிழவர், வெஸ் ப்ரிபிலின் துப்பாக்கியைக் கையில் வாங்கினார். உள்ளே குண்டு இல்லையென்று சுண்டுவிரல் விட்டுப் பார்த்து, பிளாஸ்டிக் பட்டை ஒன்றைப் போட்டு இறுக்கினார்.

"உள்ள போய் யாரையும் சுட்டுற மாட்டியே?"

"சுடத் தெரியாதுங்க அய்யா. நான் சமைச்சுத்தான் ஆளுங்களைச் சாய்ச்சிருக்கேன்."

கிழவர் சிரிக்கவில்லை. வெஸ்ஸுக்கு அது பழக்கம்தான். பதினாறு வருஷம் உள்ளூர் வானொலியில் பால் விலையும் பன்றி விலையும் வாசித்தவன் அவன். ஒரு நாள் பன்றிகளின் பட்டியலில் கவர்னரின் பெயரையும் சேர்த்து வாசித்ததால் வெளியே வந்தான். ஐம்பத்திரண்டு வயதில், இரட்டைத் தாடையோடு, யாரும் சேர்த்துக்கொள்ளாமல் நின்றவனை வேலைக்கு எடுத்தவர் கார்லிஸ் ஹாகன் என்ற பெண்மணி. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக இருபத்தெட்டு வருஷம் எரிந்த கொட்டகைகளுக்குள் நடந்து, 'இது மின்னல் இல்லை, மண்ணெண்ணெய்' என்று எழுதிக்கொடுத்தவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அந்த வேலைக்குத்தான் தன்னை வைத்திருக்கிறார் என்பது வெஸ்ஸின் கட்சி.

அவன் தோளில் இருந்தது இரவல் துப்பாக்கி. ராணுவத்துக்கென்று செய்து, போர் முடிந்ததும் ஒரு ஜோடி பூட்ஸ் விலைக்குத் தள்ளிவிட்ட சரக்கு. வாங்கின புண்ணியவான், மான் வேட்டைக்குக் கனம் அதிகம் என்று முன்பக்கத்து மரத்தை ரம்பத்தால் அறுத்து எறிந்திருந்தான். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு துப்பாக்கிக்கு இப்படி மொட்டையடித்தார்கள். இன்றைக்கோ அறுபடாத துப்பாக்கிக்குத்தான் மதிப்பு. தாத்தா அறுத்ததைப் பேரன் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

குழல் வாயில் ஒரு குச்சி சொருகியிருந்தது. குச்சி நுனியில் ஓர் அட்டை: 'விற்பனைக்கு'. மேசை போடாமல் நடந்தே விற்கிறவர்களின் வழக்கம் அது.

"தலைவி, வெள்ளைக்கொடி புடிச்சிட்டுச் சரணடையப் போறவன் மாதிரி இருக்கேன்."

"அப்படியே நட. யாரு வந்து என்ன கேக்குறாங்கன்னு மட்டும் கவனி" என்றார் கார்லிஸ்.

"நேராவே விசாரிச்சா என்னவாம்?"

"விசாரிக்கலாமே. முந்நூறு மேசையில போய், 'செத்துப்போன ஹார்லன் ஸ்டூரோட துப்பாக்கியை ஏலத்துல எடுத்தது நீங்களா'ன்னு கேக்கலாம். முந்நூறு பேரும் இல்லைம்பாங்க. எடுத்தவன் மட்டும் கொஞ்சம் சத்தமா இல்லைம்பான்."

வெஸ் இடது பக்கம் திரும்பிப் பார்த்தான். சாப்பாட்டுக் கடையோரம், பொரித்த சீஸ் வாசனைக்கு நடுவில், ஆர்டிஸ் ஷெல்பெர்க் உட்கார்ந்திருந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட சாம்பல் நிறக் கோட்டு. முன்னால் ஒரு காப்பி. வர வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் வந்திருந்தார். அறுபத்தொன்பது வயதுப் பெண்மணியிடம் எவ்வளவுதான் சொல்வது?

அவருக்காகத்தான் இந்த அலைச்சல்.

நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், நவம்பரில், மான் வேட்டை தொடங்குகிற முதல் நாள் காலை. கோர்டன் வீப்கே என்பவர் சதுப்போரத்தில் சிவப்புக் கோட்டோடு செத்துக் கிடந்தார். ஆர்டிஸின் அண்ணன் நார்மனுக்கும் அவருக்கும் வேலித் தகராறு. குண்டு உடம்பைத் துளைத்துச் சேற்றில் போய்விட்டதால் கிடைக்கவே இல்லை. இருந்தது ஒரே சாட்சி, ஹார்லன் ஸ்டூர். எதிர்மேட்டிலிருந்து, தன் துப்பாக்கியின் ஸ்கோப் வழியாகப் பார்த்ததாகச் சொன்னான். நார்மன் மரத்தோரம் நின்று, ஒரு நிமிடம் நிதானமாகக் குறிபார்த்துச் சுட்டான் என்றான். ஸ்கோப் என்பது துப்பாக்கியின் முதுகில் பொருத்துகிற தூரக்கண்ணாடிக் குழாய். அது இல்லாமல் அந்தத் தூரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். முகம் தெரியாது.

"அவன் துப்பாக்கியில ஸ்கோப்பே கிடையாது!" என்று நார்மன் கோர்ட்டில் கத்தினான்.

ஆர்டிஸும் சாட்சிக் கூண்டில் ஏறினார். வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்து, "கிடையாது. நான் பார்த்ததே இல்லை" என்றார். அந்த வார்த்தைக்கு எடை அதிகம். ஏனென்றால் ஹார்லனுக்கு நிச்சயமாகியிருந்த பெண்ணே அவர்தான். அப்படியானால் துப்பாக்கியைக் கொண்டு வா என்றார்கள். ஹார்லன் மறுத்துவிட்டான். "பார்த்ததைச் சொல்லிட்டேன். நம்புறவங்க நம்பட்டும்." அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

ஜூரி நம்பியது. நார்மனுக்குப் பதினோரு வருஷம். ஊரில் பாதிப்பேர் நம்பவில்லை. உண்மை பேசுகிறவன் துப்பாக்கியைக் காட்ட ஏன் பயப்படவேண்டும் என்று கேட்டவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆர்டிஸ் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்தார். இருவருமே பிறகு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிறையிலிருந்து வந்த அண்ணனுக்குச் சமைத்துப் போட்டே முப்பத்து நாலு வருஷம் போயிற்று. போன இலையுதிர்காலத்தில் ஹார்லன் செத்தார், இந்த ஜனவரியில் நார்மன். ஹார்லனின் தங்கை மெர்னா வீட்டுச் சாமான்களை ஏலத்தில் விட்டார். ஏலப் பட்டியலில் ஒரு வரி: 'வேட்டைக்கு அறுத்த ஜெர்மன் மாசர், எண் 6147'. மாசர் என்பது ஜெர்மன் ராணுவத் துப்பாக்கி. படம் இல்லை, ஸ்கோப்பைப் பற்றிப் பேச்சும் இல்லை. யாரோ கைதூக்கி எடுத்துப் போய்விட்டார்கள்.

"அதுல ஸ்கோப் இருந்துச்சா இல்லையா. அதை மட்டும் கண்டுபுடிச்சுச் சொல்லுங்க" என்று ஆர்டிஸ் கேட்டிருந்தார். "இல்லேன்னா, நான் வாழ்ந்தது சரி. இருந்துச்சுன்னா..."

வெஸ் நடந்தான். முதலில் வந்த ஆள் மரத்தைத் தடவி, "வால்நட்டா?" என்றான். இரண்டாவது ஆள் மான் விழுமா என்று கேட்டான். மூன்றாவது ஆள், பனி தள்ளுகிற இயந்திரம் ஒன்று இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாமா என்றான்.

"ஓடுமா?"

"உதைச்சா ஓடும்."

"என் மச்சானும் அப்படித்தான். வேண்டாம்."

நாலாவதாக வந்தவர் வெஸ்ஸின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பெரிய மீசை, கழுத்தில் தொங்கும் பூதக்கண்ணாடி, எண்ணெயில் பழுப்பேறிய விரல்கள். குனிந்து குழலின் நுனியை உற்றுப் பார்த்தார். இரண்டு முறை சாண் போட்டு அளந்தார்.

"குழலை அறுக்கலையே?"

கார்லிஸ் இரண்டு மேசை தள்ளி உலர்ந்த மாட்டிறைச்சியை விலை கேட்டுக்கொண்டிருந்தார். அதைப் போட்டுவிட்டு வந்தார்.

"புடிச்சாச்சு" என்று வெஸ்ஸின் காதோரம் சொன்னார். "மரம் போனா வேற மரம் போட்டுக்கலாம். குழல் போனா அவ்வளவுதான். மரத்தைப் பாக்காம குழலை மட்டும் பாக்குறவன் திருப்பி ஒட்டுறவன். அறுத்த துப்பாக்கியை ஏலத்துல எடுக்கறவனும் அவன்தான்."

அவர் பெயர் டெல்மர் ஓல்சாக். வெஸ்ஸின் துப்பாக்கிக்கு விலை பேசத் தன் மேசைக்குக் கூட்டிப்போனார். பச்சைத் துணிமேல் ஒன்பது துப்பாக்கிகள், திருமணப் புகைப்படத்துக்கு நிற்கிற மாப்பிள்ளைகள் மாதிரி மெருகோடு கிடந்தன. ஐந்தாவது ஒரு ஜெர்மன் மாசர். குழல் நுனிவரை முழு மரம். பக்கத்தில் அட்டை: 'அசல். கை படாதது.'

வெஸ் குனிந்து எண்ணைப் படித்தான். 6147.

பிறகு கைப்பிடியைப் பார்த்தான். இந்தத் துப்பாக்கிகளில் கதவுக்குப் போடுகிற மாதிரி ஒரு தாழ்ப்பாள் உண்டு. ஒவ்வொரு குண்டுக்கும் அதைத் தூக்கி இழுத்து மூடவேண்டும். ராணுவம் கொடுத்த கைப்பிடி, கோட்டு மாட்டுகிற ஆணி மாதிரி நேராகப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். தூக்கினால் செங்குத்தாக நிற்கும். மேலே ஸ்கோப் இருந்தால் நேராகப் போய் அதில் இடிக்கும். ஸ்கோப் வேண்டுமென்றால் முதல் காரியமாகக் கைப்பிடியை நெருப்பில் காய்ச்சிக் கீழே வளைக்க வேண்டும். வளைக்காத துப்பாக்கிக்கு ஸ்கோப் கிடையாது. காரில் வரும்போது கார்லிஸ் ஒரு பேனாவை வைத்து அவனுக்கு நடத்திய பாடம் இது.

6147-இன் கைப்பிடி நேராக இருந்தது.

"தலைவி!" வெஸ் கிசுகிசுத்தான். வானொலிக்காரனின் கிசுகிசுப்பு நாலு மேசைக்குக் கேட்கும். "நேரா இருக்கு. ஆணி அடிச்ச மாதிரி நேரா இருக்கு. ஹார்லன் புளுகியிருக்கான்! நான் போய் அந்த அம்மாவைக் கூட்டிட்டு வரேன்."

"நில்லு."

டெல்மர் மீசையைத் தடவினார். "கண்ணு இருக்கு தம்பி உனக்கு. இதை எந்த ரம்பமும் தொட்டதில்ல, எந்த அரமும் தொட்டதில்ல. ஒரு பட்டாளத்துக்காரர் கோட்டுக்குள்ள சுத்திக் கொண்டாந்தார், அலமாரியில வெச்சார், போய்ச் சேந்தார். கை படாததுன்னு எழுதி, கையெழுத்துப் போட்டே குடுக்கறேன்."

எழுத்தில், கையெழுத்தோடு! வெஸ்ஸுக்கு அந்த மீசையை முத்தமிடலாம் போலிருந்தது. அப்படியொரு தாளை ஆர்டிஸ் அம்மாளின் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் போதும், நாற்பத்தைந்து வருஷத்துக்கும் சேர்த்து ஒரு பெருமூச்சு விடுவார்.

கார்லிஸ் அவன் சட்டையைப் பிடித்து அரை அடி பின்னால் இழுத்தார். "ஏலப் பட்டியல்ல என்ன போட்டிருந்துச்சு?"

"வேட்டைக்கு அறுத்த மாசர்னு."

"இங்க முழு மரம் இருக்கு. மரத்தை மாத்திட்டு ரம்பமே தொடலைங்கறாரு. மரத்துல பொய் சொல்றவரு இரும்புல மட்டும் அரிச்சந்திரனா?"

வெஸ்ஸின் சந்தோஷம் அங்கேயே காற்றிறங்கத் தொடங்கியது.

கார்லிஸ் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு துப்பாக்கியின் முதுகைப் பார்த்தார். ஸ்கோப் பொருத்தியிருந்தால் அங்கே நாலு ஓட்டை போட்டிருக்க வேண்டும். வெஸ்ஸும் பார்த்தான். வழவழப்பான கறுப்பு இரும்பு. அவனுடைய இரண்டாவது தாடை அதில் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. கார்லிஸ் நகத்தால் ஒரு கோடு இழுத்தார், இன்னொரு கோடு இழுத்தார். பிறகு, பருப்பில் கல் கடித்த மாதிரி நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"ச்சே. நல்ல துப்பாக்கி. பாழாப் போச்சு."

"என்ன பாழு?" என்றார் டெல்மர்.

"ஸ்கோப் மாட்டின ஓட்டையை எவனோ அடைச்சிருக்கான். உங்களைச் சொல்லலை, உங்களுக்கு எவனோ வித்து ஏமாத்தியிருக்கான். கத்துக்குட்டி. வீட்டுக் குழாய் அடைக்கிறவன்கூட இதைவிட ஒழுங்கா அடைப்பான். இதோ பல்லை இளிக்குது பாருங்க. நாலும்."

டெல்மரின் கழுத்தில் சிவப்பு ஏறியது. மீசையைத் தாண்டி நெற்றிக்குப் போயிற்று.

"கத்துக்குட்டியா? யாரு கத்துக்குட்டி? அம்மா, முப்பத்தோரு வருஷமா இதைப் பண்றேன்! அந்த நாலு ஓட்டையை அடைக்க எனக்கு ரெண்டு வாரம் புடிச்சுது. அதே இரும்பு தேடி, கடைஞ்சு, தேய்ச்சு, கறுப்பேத்தி... இந்தக் கண்ணாடி வெச்சுப் பாத்தாலும் ஒரு பயலுக்குத் தெரி—"

வாய் நின்றது. மீசை இன்னும் கொஞ்சம் ஆடிவிட்டு நின்றது.

"தெரியாதுதான்" என்றார் கார்லிஸ், கண்ணாடியைக் கழற்றி. "சத்தியமா எனக்கு ஒண்ணுமே தெரியலை டெல்மர். அவ்வளவு சுத்தமான வேலை."

அகப்பட்டுக்கொண்ட அந்த நிலைமையிலும் டெல்மரின் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்து போனதை வெஸ் பார்த்தான். ஓட்டையே இல்லாதிருந்தால், 'எந்த ஓட்டை?' என்று கேட்டிருப்பார் மனுஷன். தன் வேலையைப் பழித்தது பொறுக்காமல் உண்மையைக் கக்கிவிட்டார். கெட்டிக்காரத்தனம்தான். கைதட்டலாம். ஆனால் வெஸ்ஸுக்குக் கை எழவில்லை. ஓட்டை இருந்ததென்றால் ஸ்கோப் இருந்தது. ஸ்கோப் இருந்ததென்றால், காப்பியை ஆறவிட்டு உட்கார்ந்திருக்கிற அந்தச் சாம்பல் நிறக் கோட்டுக்கு என்ன பதில்?

"ஒருவேளை கேஸுக்கு அப்புறம் மாட்டியிருக்கலாமே?" என்றான். "சொன்ன பொய்க்கு முட்டுக்குடுக்கறதுக்கு?"

"அதையும் பாத்துடலாம்." கார்லிஸ் டெல்மரிடம் திரும்பினார். "பழைய தாழ்ப்பாள் எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

"இந்தக் கொட்டகைக்குள்ள ஒரு திருகாணியையாவது தூக்கிப் போட்ட ஆம்பளை ஒருத்தரைக் காட்டுங்க. இந்தத் துப்பாக்கியை உங்க விலைக்கே எடுத்துக்கறேன்."

டெல்மர் பெருமூச்சு விட்டார். மேசைத் துணியைத் தூக்கிக் காலடியிலிருந்து ஒரு காப்பித்தூள் டப்பாவை எடுத்தார். ஆணி, சுருள்வில், எதற்கென்று அவருக்கே தெரியாத இரும்புகள். அடியிலிருந்து ஒரு தாழ்ப்பாள் வந்தது. கைப்பிடி கீழே வளைந்திருந்தது. அதன்மேல் சின்னதாக 47. ஜெர்மன்காரர்கள் துப்பாக்கி எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை ஒவ்வொரு உறுப்பிலும் குத்திவிடுவார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தட்டில் பெயர் வெட்டுகிற மாதிரி. சந்தேகத்துக்கு இடமில்லை. இது 6147-இன் சொந்தத் தாழ்ப்பாள். மேசைமேல் நேராக நின்ற கைப்பிடி எங்கிருந்தோ வாங்கி மாட்டிய தத்துப்பிள்ளை.

கார்லிஸ் அதைத் திருப்பினார். வளைவின் அடியில், எண்ணெய்ப் பிசுக்குக்குள், இன்னொரு குத்து: 'ஓ.ஜே. 10-78'.

"ஓட்டோ ஜெலினெக்" என்றார் டெல்மர். தொழில் பேச்சு வந்ததும் அவருக்கு வருத்தம் மறந்துவிட்டது. "இரும்புக்கடைக்குப் பின்னால பட்டறை வெச்சிருந்தாரு. இந்த ஜில்லாவுல பாதி கைப்பிடி அவர் வளைச்சதுதான். எந்த வேலை செஞ்சாலும் மாசமும் வருஷமும் குத்திட்டுத்தான் குடுப்பாரு."

எழுபத்தெட்டு, அக்டோபர். கோர்டன் வீப்கே செத்தது எழுபத்தெட்டு, நவம்பர். ஹார்லன் வேட்டைக்கு ஒரு மாதம் முன்னால் ஸ்கோப் மாட்டியிருக்கிறான். நார்மன் போன வருஷத்துத் துப்பாக்கியை நினைத்துக்கொண்டு கோர்ட்டில் கத்தினான். ஹார்லன் இந்த வருஷத்துத் துப்பாக்கியால் பார்த்தான்.

"இதைக் கோர்ட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவீங்களா?" டெல்மரின் குரல் சின்னதாகிவிட்டது.

"கோர்ட்டு எல்லாம் முடிஞ்சு எத்தனையோ வருஷம் ஆச்சு. தாழ்ப்பாளை மட்டும் குடுங்க. அப்புறம் அந்த அட்டையை எடுத்துட்டு, 'பழுதுபார்த்தது'ன்னு வேற எழுதுங்க."

"அப்படி எழுதினா பாதிகூடப் போகாதே அம்மா!"

"கீழ உங்க பேரையும் போடுங்க. இவ்வளவு நல்லா வேலை செஞ்சவரு பேரு தெரிய வேண்டாமா?"

டெல்மர் பேனாவைத் தேடினார். கொஞ்சம் சந்தோஷமாகவே தேடினார் என்றுகூடச் சொல்லலாம்.

சாப்பாட்டுக் கடைக்கு எண்பது அடி இருக்கும். வெஸ் அதை முடிந்தவரை மெதுவாக நடந்தான்.

"தலைவி, ஒண்ணு சொல்றேன். கோவிக்காதீங்க. மேசையில இருக்கிறது நேர்க் கைப்பிடிதானே? 'நேராத்தான் இருந்துச்சு'ன்னு சொன்னா அதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை."

"இல்லைதான்."

"அண்ணனும் செத்தாச்சு, அந்தாளும் செத்தாச்சு. மிச்சம் இருக்கிறது அந்த அம்மா ஒருத்தங்க. எதுக்குங்க? உண்மையை வெச்சு அவங்க இனிமே என்ன பண்ணப் போறாங்க, ஊறுகாயா போடப் போறாங்க?"

கார்லிஸ் நின்றார். "எனக்கு ஆரம்பத்துலயே உறுத்துச்சு வெஸ். துப்பாக்கி ஸ்கோப் வழியா இன்னொரு மனுஷனைப் பாக்கறது இந்த ஊர்ல எவ்வளவு கேவலம்னு உனக்குத் தெரியும்."

தெரியும். குழல் எங்கே திரும்புகிறதோ அங்கேதான் ஸ்கோப்பும் திரும்பும். ஸ்கோப்பால் ஆளைப் பார்ப்பது ஆளைக் குறிவைப்பதுதான். பத்து வயதில் அதைச் செய்து அப்பாவிடம் வாங்கிய அறை வெஸ்ஸுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"பொய்ச்சாட்சி சொல்றவன் பைனாகுலர்ல பாத்தேன்னு சொல்லியிருப்பான். மரியாதையா முடிஞ்சிருக்கும். தனக்கே அசிங்கம் வர்ற மாதிரி எவனாவது பொய்யை ஜோடிப்பானா? அந்தாளு நெசத்தைத்தான் சொல்லியிருக்கான். ஆனா துப்பாக்கியை ஏன் காட்டலை? அது மட்டும்தான் எனக்குப் புரியலை."

இருவரும் சாப்பாட்டுக் கடையை எட்டினார்கள்.

ஆர்டிஸ் அம்மாள் இருவரையும் பார்த்தார். கார்லிஸ் எதிரே உட்கார்ந்து, கைக்குட்டையில் சுற்றிய தாழ்ப்பாளை மேசைமேல் வைத்துப் பிரித்தார். வெஸ், பேச்சை எங்காவது திருப்பலாமென்று, "சூடா சீஸ் வாங்கிட்டு வரட்டுமாம்மா?" என்றான். இந்தச் சமயத்துக்கு இவ்வளவு மட்டமான கேள்வி தன்னால்தான் முடியும் என்று அவனுக்கே தோன்றியது.

ஆர்டிஸின் கட்டைவிரல் வளைந்த கைப்பிடியின் உருண்டைமேல் போய் உட்கார்ந்தது. தேடாமல், தடவாமல், நேராகப் போய் உட்கார்ந்தது.

"எழுபத்தெட்டு அக்டோபர்ல வளைச்சிருக்கு" என்றார் கார்லிஸ்.

"ரெண்டாவது வாரம்" என்றார் ஆர்டிஸ்.

வெஸ் உட்காரப்போனவன் பாதியில் நின்றான்.

"உங்களுக்குத் தெரியும்" என்றார் கார்லிஸ். கேள்வியாக இல்லை.

"பட்டறையிலிருந்து நேரா எங்க வீட்டுக்குத்தான் கொண்டுவந்தார். குண்டு எல்லாம் எடுத்துட்டு, என் கையில குடுத்துப் பாக்கச் சொன்னார். ஊர்த் தண்ணித் தொட்டி தெரிஞ்சுது. அதுல எழுதின ஊர்ப் பேரு பெயின்ட் உரிஞ்சு போயிருந்தது வரைக்கும் தெரிஞ்சுது. 'உங்கண்ணன்கிட்ட சொல்லிடாதே, கண்ணு போயிடுச்சா கிழவான்னு கேலி பண்ணுவான்'னார். நான் சொல்லலை."

பக்கத்து மேசையில் யாரோ வறுத்த சாஸேஜுக்குக் கடுகுச் சாந்து கேட்டுச் சத்தம் போட்டார்கள். ஆர்டிஸ் அந்தச் சத்தம் ஓயும்வரை காத்திருந்தார்.

"கூண்டுல ஏறும்போது நெசத்தைத்தான் சொல்லணும்னு ஏறினேன். நார்மன் என்னைப் பாத்தான். கூடப் பொறந்தவன். 'பாத்ததே இல்லை'ன்னு வாயில வந்துடுச்சு. அப்புறம் அவன் ஜெயில்லேருந்து வந்தான். தினமும் சாப்பிட உக்காரும்போது சொல்லுவான், 'ஸ்கோப்பே கிடையாது ஆர்டிஸ், நீயே கூண்டுல சொன்னியே'ன்னு. அவன் என் வார்த்தையைப் புடிச்சுக்கிட்டான். நான் அவன் வார்த்தையைப் புடிச்சுக்கிட்டேன். வருஷம் ஆக ஆக, அந்தத் தண்ணித் தொட்டி நான் கண்ட கனவோன்னு வந்துடுச்சு. உங்ககிட்ட வந்தது அதுக்குத்தான். நான் பைத்தியமா கோழையான்னு ஒருத்தர் சொல்லணும். பைத்தியம்னு சொல்லிடுவீங்கன்னு எதிர்பாத்தேன்."

கார்லிஸ் தாழ்ப்பாளைக் கையில் எடுத்துத் திருப்பினார். பிறகு, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"துப்பாக்கியைக் கொண்டுவந்திருந்தா அதுல ஸ்கோப் இருந்திருக்கும். வேதப் புத்தகத்து மேல கை வெச்சுப் பொய் சொன்னது நீங்கன்னு ஆயிருக்கும். கைவிலங்கு உங்களுக்கு."

"ஆமா." ஆர்டிஸ் தலையை ஆட்டினார். "அதனாலதான் காட்டலை. பாதி ஊரு பொய்யன்னு சொல்லிச்சு. சர்ச்சுல பக்கத்துல உக்கார மாட்டேன்னாங்க. நாற்பத்தஞ்சு வருஷம் வாயைத் திறக்கலை. நான் மோதிரத்தைத் திருப்பிக் குடுக்கப் போனப்பகூட, 'குளிருது, உள்ள வந்துட்டுப் போ'ன்னுதான் சொன்னார். நான் போகலை."

வெஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சீஸ் பொரிக்கிற புகை கண்ணில் பட்டது என்று சொல்லிக்கொள்ள வசதியான இடத்தில்தான் நின்றிருந்தான்.

"நார்மன்தானேம்மா சுட்டது?" என்று கார்லிஸ் கேட்டார்.

"நான் கேட்டதே இல்லை. ஒரே வீட்டுல முப்பத்து நாலு வருஷம். கேட்டா சொல்லிடுவானோன்னு பயம்."

காப்பிக் கோப்பையை ஓரமாக நகர்த்தினார். கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார், மூச்சுக்கு வழி விடுகிற மாதிரி.

"எழுதிக் குடுங்க" என்றார். "ஹார்லன் சொன்னது நெசம், ஸ்கோப் இருந்துச்சு, ஆர்டிஸ் ஷெல்பெர்க் சொன்னது பொய். இந்த மூணையும் எழுதி நீங்க ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து. அவர் தங்கச்சி மெர்னா கையில நானே கொண்டுபோய்க் குடுக்கணும்."

"தபால்ல அனுப்பிடலாமேம்மா" என்றான் வெஸ். "அந்தம்மா உங்களைப் பாத்துப் பேசி நாற்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. முகத்துல அறைஞ்ச மாதிரி கதவைச் சாத்துவாங்க."

"சாத்தட்டும் தம்பி" என்றார் ஆர்டிஸ். "சாத்தறதுக்கு முதல்ல தொறக்கணும்ல?"